ஒரு படத்துக்கு 312, இன்னொன்றுக்கு 9: இணையத்தில் போடும் படங்களுக்கு வரும் ஏறுமாறான வரவேற்பைச் சரிபார்க்கும் வழி

ஒரு தைப்பூசத்தன்று ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களை இணையத்தில் ஒரே படக் குழுவில் போட்டேன். ஒன்று, எங்கள் மொரீஷியஸில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயில் படிக்கட்டில், தலையில் பால் சொம்போடு நின்ற ஒரு பாட்டியம்மா. இன்னொன்று, வீடு திரும்பும் வழியில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் எடுத்த அந்தி வானம், தூரத்தில் லெ மோர்ன் மலை. பாட்டியம்மாவுக்காக மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். கடற்கரைக்குச் செலவழித்தது இரண்டு நிமிடம். கடலுக்கு 312 லைக் வந்தது, பாட்டியம்மாவுக்கு 9.

மறுநாள் இரவே பாட்டியம்மாவின் படத்தை அழித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது. அந்த 9 என்ற எண் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. லைக்கும் கமெண்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றை அளக்கின்றன. சில சமயம் படத்தை, சில சமயம் போட்ட நேரத்தை, சில சமயம் உறவை, சில சமயம் வெறும் அதிர்ஷ்டத்தை. எது அளக்கப்பட்டது என்று தெரியாமல் படத்தில் கை வைத்தால், நல்லா ஓடும் வண்டியின் இஞ்சினைக் கழற்றிய கதையாகிவிடும்.

அதனால் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: போட்ட படத்தை இரண்டு நாளுக்கு அழிக்காதீர்கள், மாற்றிப் போடாதீர்கள். அழித்துவிட்டால் என்ன நடந்தது என்று பார்ப்பதற்குத் தடயமே இருக்காது.

அறிகுறி: ஒரு படத்துக்கு மழை, அடுத்த படத்துக்கு வறட்சி

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மொரீஷியஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். நாம் சாப்பிட்டு, படத்தைத் திருத்தி, இரவு பத்தரைக்குப் போட்டால் சென்னையில் நடுராத்திரி. அதே நேரம் குளிர்கால டொராண்டோவில் பகல் ஒன்றரை, பாரிஸில் மாலை ஏழரை. உங்கள் குழுவில் யார் அதிகமோ, அவர்கள் விழித்திருக்கும் நேரம்தான் உங்கள் நேரம். என் குழுவில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பாட்டியம்மாவை நான் போட்டது நடுராத்திரி. கடற்கரையைப் போட்டது மறுநாள் மாலை ஐந்துக்கு, அதாவது அவர்களுக்கு ஆறரை, பஸ்ஸிலும் ரயிலிலும் போனைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்பும் நேரம்.

அடுத்தது படத்தின் உருவம். கேமராவில் எடுக்கும் படம் வழக்கமாக மூன்றுக்கு இரண்டு. அதைப் படுக்கை வாக்கில் இன்ஸ்டாகிராமில் போட்டால், 1080 பிக்சல் அகலத்துக்கு உயரம் 720தான். அதே படத்தை நாலுக்கு ஐந்து என்று நெடுக்காக வெட்டினால் உயரம் 1350. போனில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகும்போது பெரிய படம் ஒரு கணம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கணத்தில்தான் லைக் விழுகிறது. இதற்காக எல்லாப் படத்தையும் நெடுக்காக வெட்டச் சொல்லவில்லை. கரும்புக் காட்டை நெடுக்காக வெட்டினால் அதில் காடே இருக்காது. படுக்கைப் படத்துக்கு எண்ணிக்கை குறையும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள் என்கிறேன்.

மூன்றாவது அதிர்ஷ்டம். இதை நான் நம்பவே மாட்டேன் என்று இருந்தேன். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அவ்வளவாகத் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்கள் 14,000க்கும் மேல். இவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்துவிட்டார்கள். மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை அந்தந்த உலகத்துக்குள் மட்டும் தெரியும். ஒரு உலகத்தில் மேலே போன பாட்டு இன்னொரு உலகத்தில் நடுவில் கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு அடியில் போவது அபூர்வம், ரொம்ப மோசமானது மேலே வருவதும் அபூர்வம். நடுவில் இருப்பவை எங்கே வேண்டுமானாலும் போயின. 2013ல் இன்னொரு ஆய்வு: ஒரு செய்தித் தளத்தில் கமெண்ட் விழுந்தவுடனே ஆய்வாளர்களே எதேச்சையாக ஒரு ஆதரவு ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒரே ஓட்டால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. முதல் பத்து நிமிடத்தில் யார் கண்ணில் படுகிறது என்பதே பாதி விதி.

சோதித்துப் பார்க்க: இதே படத்தை மூன்று மாதம் கழித்து, வேறு கிழமையில், வேறு நேரத்தில், ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். எண்ணிக்கை வெகுவாக மாறினால் படத்தில் கோளாறு இல்லை. மறுபடியும் அப்படியேதான் என்றால் அடுத்த அறிகுறிகளைப் பாருங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப்பில் எல்லாரும் கொண்டாடுகிறார்கள், படக் குழுவில் வாயே திறக்கவில்லை

ரோஸ் ஹில்லில் இருக்கும் என் சித்திக்கு எந்தப் படம் அனுப்பினாலும் ‘ஸோலி, ஸோலி’ (அழகு, அழகு) என்று கிரியோலில் பதில் வரும், கூடவே பத்து இதயம். ஒருமுறை தம்பி மகன் முதல் காவடி எடுத்த படத்தை அனுப்பினேன். குடும்பக் குழுவே நிரம்பி வழிந்தது. அந்தத் தெம்பில் படக் குழுவிலும் போட்டேன். அங்கே ஒருத்தர்கூடப் பேசவில்லை.

சித்தி பார்த்தது பையனை. அவன் பத்து நாள் விரதம் இருந்து இளைத்த முகத்தை, அவன் கட்டியிருந்த மஞ்சள் வேட்டியை, பின்னால் பாதி தெரிந்த தன் அக்காவை. அந்தப் பாராட்டில் பொய்யே இல்லை, ஆனால் படத்துக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். படக் குழுவில் இருப்பவருக்கு அந்தப் பையன் யாரோ. அவர் கண்ணில் பட்டது பையனின் தலைக்குப் பின்னால் முளைத்து நின்ற மின்கம்பம்.

இதற்கு மருந்து குடும்பத்திடம் காட்டாமல் இருப்பது அல்ல. இரண்டு வட்டத்துக்கும் தனித்தனிப் படம் எடுங்கள். வீட்டுக்கு முகம் தெளிவாகத் தெரியும் படம், குழுவுக்கு முன்பின் தெரியாதவரையும் நிறுத்தி வைக்கும் படம். சில சமயம் ஒரே படம் இரண்டுக்கும் பொருந்தும். அப்படி அமைந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023 ஆகஸ்டிலிருந்து எச்டி என்று தேர்ந்தெடுக்கலாம், இருந்தாலும் கொஞ்சம் சுருங்கும். அப்படியே போக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். யாராவது ‘ஃபோகஸ் சரியில்லையே’ என்றால், அவர் பார்த்தது எந்தக் கோப்பு என்று முதலில் கேளுங்கள்.

அறிகுறி: ஒருத்தர் இருட்டு என்கிறார், இன்னொருத்தர் வெளிச்சம் அதிகம் என்கிறார்

நேர் எதிரான இரண்டு கருத்து வந்தால் பலர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேண்டாம். எனக்குக் கிடைத்ததிலேயே பயனுள்ள விமர்சனம் இப்படி வந்ததுதான்.

காவடி தூக்கிப் படியிறங்கும் ஒருவரின் படம். ‘ரொம்ப இருட்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க’ என்றார் ஒருவர். ‘வெளுத்துப் போச்சு, எக்ஸ்போஷரை இறக்குங்க’ என்றார் இன்னொருவர். முதலில் திரையைச் சரிபார்த்தேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்துவது என் பழக்கம். அந்தத் திரையில் எல்லாமே பளிச்சென்று இருக்கும், அதனால் கை தானாகப் படத்தை இருட்டாக்கும். மறுநாள் வெயிலில் போனில் பார்ப்பவருக்கு அது கரிக்கட்டை. இப்போது திரை வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை, ட்யூப் லைட்டையும் அணைப்பதில்லை. நிறம் மங்கித் தெரிகிறது என்று சொன்னால், ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அமைப்பில் போன படத்தில் சாமந்தி மாலையின் மஞ்சள் சில திரைகளில் பழைய துணி மாதிரி வெளிறிவிடும்.

அதெல்லாம் சரிசெய்த பிறகும் இருவரும் சொன்னதையே சொன்னார்கள். அப்புறம்தான் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்திப் பார்த்தேன். காவடியில் கட்டியிருந்த பித்தளைச் சொம்பின் விளிம்பு வெள்ளைக் காகிதம் மாதிரி எரிந்திருந்தது. விபரமே இல்லை. அதற்கு ஒரு சாண் கீழே முகம், இரண்டு கண்ணும் குழிக்குள் இருட்டில். முதல் நபர் பார்த்தது கண்ணை, இரண்டாமவர் பார்த்தது சொம்பை. சொன்ன மருந்து வேறு வேறு, ஆனால் இரண்டு பேரும் விரல் வைத்தது அந்த ஒரு சாண் இடத்தில்தான்.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘தை மாச வெயில் இப்படியா அடிக்கும்?’ என்று கேட்டார். அவர்களுக்குத் தை குளிர் மாதம். நமக்கு நடுக்கோடை. ஜனவரி கடைசியில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கண்குழியில் நிழல் விழாமல் என்ன செய்யும்? அடுத்த வருடம் விடியற்காலையிலேயே போய், வெள்ளை வேட்டி கட்டிய கூட்டத்துக்கு எதிரே காவடி வரும் இடமாகப் பார்த்து நின்றேன். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அந்தப் படத்துக்கு லைக் எத்தனை என்று ஞாபகம் இல்லை. கண் தெரிகிறது.

ஆக, எதிரெதிர்க் கருத்து வந்தால் அவர்கள் சொல்லும் தீர்வை விட்டுவிட்டு, எந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று தேடுங்கள்.

அறிகுறி: நாற்பது நல்ல வார்த்தை, ஒரே ஒரு கடுஞ்சொல், அதுதான் தூங்கவிடவில்லை

2006ல் ஃப்ளிக்கர் என்ற படத் தளத்தில் ஒரு குழுவில், எந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம், எதை அழிக்கலாம் என்று ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் அங்கே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை, எடுத்தவர் யார் என்று சொல்லாமல் போட்டார். சுழல் படிக்கட்டுக்குக் கீழே தெருவில் ஒரு சைக்கிள்காரர் கலங்கலாகக் கடந்து போகிறார். கலங்கலாக இருக்கிறது என்று குறை சொல்லி அழிக்கச் சொன்னார்கள். 1932ல் பிரான்ஸின் இயேர் ஊரில் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் எடுத்த படம் அது. ஒளிப்பட வரலாற்றில் அதற்கு இருக்கும் இடமே தனி.

இதைச் சொல்வது, திட்டு வாங்கிய படமெல்லாம் பெரிய படம் என்று நினைத்துக்கொள்வதற்காக இல்லை. என் படங்களில் திட்டு வாங்கியவற்றில் பாதிக்கு மேல் திட்டு வாங்க வேண்டியவைதான். அந்தக் குழு பார்த்தது ஒரே ஒரு கேள்வியை: கூர்மையாக இருக்கிறதா? சைக்கிள்காரர் கலங்கலாக ஓடுவதால்தான் படிக்கட்டு அவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பது அந்தக் கேள்விக்குள் வராது.

கடுஞ்சொல் வந்தால் நான் செய்வது: ஒரு இரவு விட்டுவிடுவேன். காலையில் அதை ஒரு தாளில் எழுதி, படத்தைப் பற்றிய சொல்லையும் என்னைப் பற்றிய சொல்லையும் பிரிப்பேன். ‘இடது மூலையில் கண் ஓடுகிறது’ என்பது படத்தைப் பற்றியது, அதை வைத்துக்கொள்ளலாம். ‘உனக்கெல்லாம் எதுக்குக் கேமரா’ என்பதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அழித்துவிடலாம், தேவையானால் ஆளையே தடுத்துவிடலாம். இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். முதல் வகை ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீங்களாக இருந்தால் எங்கே நின்றிருப்பீர்கள்?’ அக்கறையோடு சொன்னவர் பதில் சொல்வார். மற்றவர் வரமாட்டார்.

அறிகுறி: அலகு குத்திய படம் மங்கலாக மூடப்படுகிறது, அல்லது யாருக்கும் போகவே இல்லை

கன்னத்தில் வேல் தெரியும் படத்தை, பார்ப்பவரைச் சங்கடப்படுத்தக்கூடியது என்று தளங்கள் மூடி வைப்பதுண்டு. நமக்கு நேர்த்திக்கடன், இயந்திரத்துக்குக் காயம். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் கணக்கு நிலை என்ற பகுதிக்குப் போனால், உங்கள் படம் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கத் தடை இருக்கிறதா என்று தெரியும். அங்கிருந்தே மறுபரிசீலனை கேட்கலாம். நான் இப்போது முதலில் அகலமான காட்சியை வைத்து, அருகிலிருந்து எடுத்ததை இரண்டாவதாக வைக்கிறேன். கூடவே, இது தைப்பூச நேர்த்தி என்று இரண்டு வரி எழுதுகிறேன்.

அருள் வந்து நிற்பவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். அந்த நிமிடத்தில் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மறுநாள் கேட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

அறிகுறி: போட்ட பிறகு கை சும்மா இருக்கவில்லை

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேசைக்கடியில் போனைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இதற்குக் காரணமே ஏறுமாறான வரவேற்புதான். ஸ்கின்னர் என்ற உளவியலாளரும் ஃபெர்ஸ்டர் என்பவரும் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகள் 1957ல் வெளிவந்தன. எத்தனை கொத்துக்கு ஒருமுறை தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால், புறா ஓயாமல், ஒரே வேகத்தில் கொத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பது லைக் உறுதி என்றிருந்தால் நாம் போனைத் தொடவே மாட்டோம்.

லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கும் வசதி 2021 மே மாதத்திலிருந்து இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. மறைத்துவிடுங்கள். அறிவிப்பை நிறுத்துங்கள். நான் படம் போடுவதைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டேன். போட்டவுடன் கத்ர் போர்ன் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போய்விடுவேன். கையில் பை இருந்தால் போன் பைக்குள்தான்.

அறிகுறி: எதற்குப் பாராட்டு வருகிறதோ அதையே திரும்பத் திரும்ப எடுக்கிறேன்

இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் வலியே தெரியாது. அந்த 312க்குப் பிறகு எட்டு மாதம் நான் அந்தி வானமும் லெ மோர்னும் தவிர வேறெதுவும் எடுக்கவில்லை. 556 மீட்டர் மலை, அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்திருந்த இடம், 2008ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எனக்கோ அது ஆரஞ்சு வானத்துக்குக் கீழே ஒரு கறுப்பு உருவம், லைக் தரும் மரம்.

ஒரு நாள் கத்ர் போர்னில் படம் அச்சுப் போடும் ஸ்டூடியோவில் ஒரு வருடப் படங்களைக் கொடுத்துச் சிறிய அளவில் போட்டுத் தரச் சொன்னேன். அங்கே இருந்த அண்ணன் அவற்றை மேசையில் பரப்பிவிட்டுச் சொன்னார்: “தம்பி, மே, ஜூன்ல நீங்க எங்க போயிருந்தீங்க? கரும்பு பூத்துச்சே, ஒண்ணுகூட இல்லையே.”

என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வெள்ளிப் பூவாகக் காடே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் வெட்டுத் தொடங்கி அதுவும் போய்விட்டது.

சோதிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை: கடைசி நாற்பது படங்களைச் சின்னதாக அச்சுப் போட்டுத் தரையில் பரப்புங்கள். தெரிந்தவர் ஒருவரை நிற்க வைத்து, என்ன இல்லை என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மூன்று படம் போட்டால் ஒன்று யாரும் கேட்காத படம். அதற்கு 9தான் வரும் என்று முன்னாடியே தெரியும், அதனால் வலிப்பதில்லை.

அறிகுறி: எங்கே போட்டாலும் மௌனம்

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அல்லது அதுவும் சொல்லமாட்டார்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். ‘வலது ஓரத்துக் குடையை வெட்டலாமா?’ ‘இரண்டில் எது, ஏன்?’ கேட்பதற்கு முன் வேறு ஐந்து பேரின் படத்துக்கு நீங்கள் மூன்று வரி எழுதுங்கள். ‘சூப்பர்’ வேண்டாம், எங்கே கண் நின்றது, எங்கே நழுவியது என்று எழுதுங்கள். பெரிய குழுவைவிடப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் சின்னக் குழுவில் இது சீக்கிரம் பலன் தரும். அங்கே ஒருத்தர் பேசாமல் இருந்தால் மற்றவருக்குத் தெரியும்.

பாட்டியம்மாவின் மூலப் படம் நல்லவேளையாகக் கார்டில் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அப்படியொரு சின்னக் குழுவில், ‘கையை மட்டும் வைத்து வெட்டட்டுமா, முகம் வேண்டுமா?’ என்று கேட்டுப் போட்டேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு அம்மா எழுதினார்: “வெட்டாதீங்க தம்பி. சொம்பைப் பிடிச்சிருக்கிற சுண்டுவிரல் தனியா நிக்குது பாருங்க, பால் தளும்புதான்னு அவங்க காதால கேட்டுக்கிட்டு இருக்காங்க. முகம் இல்லேன்னா அது தெரியாது.” மூன்று மணி நேரம் நின்றும் அந்த விரலை நான் பார்க்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, விரல் தனியாக நிற்கிறது.